ஃபார்பிடன் சிட்டிக்குப் போறீங்களா, நேரா நடந்து வெளிய வந்துடாதீங்க

பெய்ஜிங் போயிட்டு வந்தவங்க கிட்ட சீன ராஜாக்களோட பழைய அரண்மனையான ஃபார்பிடன் சிட்டி எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, முக்கால்வாசிப் பேரு ஒரே பதில்தான் சொல்வாங்க, "ரொம்பப் பெருசு, ஒரே கூட்டம், கால் வலி, கொஞ்ச நேரத்துல எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிச்சிடுச்சு". மொதல் தடவை போயிட்டு வந்து நானும் இதேதான் சொன்னேன். ரெண்டாவது தடவை அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போனப்பதான் நான் பண்ண தப்பு என்னன்னு புரிஞ்சுது. தெற்கு வாசல்ல நுழைஞ்சு கூட்டம் தள்ளுற பக்கமே நேர்கோட்டுல நடந்து வடக்கு வாசல்ல வெளிய வந்துட்டா, நீங்க பாத்தது ராஜா கொலுவிருந்த மேடைய மட்டும்தான். அவங்க தின்னது தூங்குனது சண்டை போட்டது எல்லாம் ரெண்டு பக்கத்துச் சந்துலயும் இருக்கு, அங்க கூட்டமும் பாதிதான்.

சரி மொதல்ல டிக்கெட். இதுல சொதப்புனா மத்தது எதுவும் வேலைக்கு ஆகாது. கவுன்டர்ல போயி வாங்கிக்கலாம்னு நம்பிக் கிளம்பாதீங்க, எல்லாம் ஆன்லைன் ரிசர்வேஷன்தான். ஏழு நாளுக்கு முன்னாடி பெய்ஜிங் நேரம் ராத்திரி 8 மணிக்கு புக்கிங் திறக்கும், நம்ம ஊர் நேரத்துக்கு அது சாயங்காலம் 5.30, அலாரம் வச்சுக்கோங்க. சீசன்ல கொஞ்ச நேரத்துலயே காலியாகிடும், அதுலயும் காலை ஸ்லாட்டுதான் மொதல்ல போகும். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் 60 யுவான், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 40. இது போக பொக்கிஷக் கேலரிக்கு 10, கடிகாரக் கேலரிக்கு 10 தனியா. பொக்கிஷக் கேலரிய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். திங்கக்கிழமை லீவு, அரசு விடுமுறை நாள்ல திங்கள் வந்தா மட்டும் திறந்திருக்கும்.

டிக்கெட்னு கைல பேப்பர் எதுவும் தர மாட்டாங்க, உங்க பாஸ்போர்ட்தான் டிக்கெட். இங்கதான் நான் ஒரு வேலை பண்ணேன். அப்பா போன வருஷம் பாஸ்போர்ட் ரெனியூ பண்ணிருந்தார், என் போன்ல இருந்ததோ பழைய பாஸ்போர்ட்டோட போட்டோ, அந்த நம்பரைப் போட்டு புக் பண்ணிட்டேன். கேட்ல அம்மாவும் நானும் உள்ள போயாச்சு, அப்பாவுக்கு மட்டும் மெஷின் சிவப்பு லைட் காட்டுது. வாசல் பக்கத்துல ஒரு ஜன்னல் இருக்கு, அங்க போயி போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிக் காட்டி, விசா பக்கத்தைக் காட்டி, கும்பிடாத குறையா கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் விட்டாங்க. அப்பா அன்னைக்கு முழுக்க "இவன் ஐடில வேலை பாக்குறானாம்"னு சொல்லிட்டே வந்தார். அதனால புக் பண்றப்போ பாஸ்போர்ட்டைக் கைல எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா பாத்து அடிங்க, போட்டோவ நம்பாதீங்க.

எப்ப போகலாம்னா செப்டம்பர் பின்பாதி, அப்புறம் அக்டோபர் 10-க்கு மேல. அக்டோபர் 1 முதல் 7 வரைக்கும் அவங்க தேசிய விடுமுறை, மே 1 ஒட்டின நாட்களும் அப்படித்தான், சீனா மொத்தமும் அங்கதான் நிக்கும். ஜூலை ஆகஸ்ட்ல ஸ்கூல் லீவு, கூடவே வெயில். நம்ம ஊர் வெயில் பாத்தவங்கதானேன்னு அலட்சியமா போகாதீங்க, முன்பக்கத்து முற்றங்கள்ல நிழலுக்குன்னு ஒரு மரம் கிடையாது, கல்தரை சூடு கால் வழியா ஏறும். குளிர்காலம் கூட்டம் கம்மி, டிக்கெட்டும் கம்மி, ஆனா காத்து காதை அறுக்கும், அப்பா அம்மா மாதிரி வயசானவங்களக் கூட்டிட்டுப் போறதா இருந்தா யோசிங்க.

போற வழி: மெட்ரோ லைன் 1-ல தியானன்மென் ஈஸ்ட் ஸ்டேஷன். வெளிய வந்த உடனே செக்யூரிட்டி கியூ, பாஸ்போர்ட் காட்டணும், பையை ஸ்கேன்ல போடணும், லைட்டர் இருந்தா பிடுங்கிடுவாங்க. அரை மணி நேரம் ஆகலாம், கூட்ட நாள்ல அதுக்கும் மேல. நான் ரெண்டாவது தடவை வேற பக்கமா போனேன், வாங்ஃபூஜிங் கடைத்தெரு பக்கமிருந்து மேற்கால நடந்தா கிழக்கு வாசல் டோங்ஹுவாமென் வரும், அது வழியா உள்ள விட மாட்டாங்க, அது வெளிய வர்றதுக்கு மட்டும்தான், ஆனா அங்கிருந்து அகழியை ஒட்டியே தெற்கால நடந்தா நேரா நுழைவாசலுக்கே வந்துடலாம். இந்தப் பக்கமும் செக்கிங் உண்டு, ஆனா சதுக்கத்துக் கூட்டம் இல்ல. தியானன்மென் சதுக்கத்தையும் பாக்கணும்னா அதுக்குத் தனியா ரிசர்வேஷன் போடணும், ரெண்டையும் ஒரே காலைல திணிக்காதீங்க.

இன்னொன்னு, அந்த ஏரியால யாராவது நல்ல இங்கிலீஷ்ல சிரிச்சுப் பேசி "நான் ஸ்டூடன்ட், இங்கிலீஷ் பழகணும், வாங்க டீ குடிச்சிட்டே பேசலாம்"னா கை கூப்பி வணக்கம் சொல்லிட்டு நடந்துட்டே இருங்க. பின்னாடி வர்ற டீ பில்லு உங்க பிளைட் டிக்கெட் அளவுக்கு இருக்கும். "இன்னைக்கு அரண்மனை லீவு, நான் வேற இடம் காட்டுறேன்"னு வர்ற ரிக்ஷாக்காரங்களும் இதே ரகம்தான். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுலயே பாத்த வித்தைதானே.

உள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை தெரிஞ்சிருந்தா நல்லது, இல்லேன்னா எல்லாம் சிவப்பு சுவரும் மஞ்சள் ஓடும்தான். மிங் வம்சத்து யோங்லே பேரரசர் 1406-ல கட்ட ஆரம்பிச்சு 1420-ல முடிச்சது. அதுக்கப்புறம் மிங், சிங் ரெண்டு வம்சத்துலயும் சேத்து 24 பேரரசர்கள் இங்க இருந்து ஆண்டிருக்காங்க. இந்த யோங்லே நமக்கும் கொஞ்சம் தெரிஞ்சவர்தான், செங் ஹங்கிற தளபதியை பெரிய கப்பல் படையோட இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புனது இவர்தான். இலங்கைல காலிங்கிற ஊர்ல கண்டெடுத்து இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கிற 1409-ம் வருஷத்துக் கல்வெட்டுல சீனம், பாரசீகத்தோட தமிழும் இருக்கு, அந்தத் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்லுது. அதாவது இங்க அரண்மனை வேலை நடந்துட்டு இருந்த அதே வருஷங்கள்ல அந்த ராஜா பேருல ஒரு கல்லுல தமிழ் செதுக்கிருக்காங்க. இதை வாசல்லயே அப்பாகிட்ட சொன்னேன், பாஸ்போர்ட் கோவம் கொஞ்சம் தணிஞ்சுது.

நுழைவாசல் பேரு வூமென். நடுவுல இருக்கிற வழி பேரரசருக்கு மட்டும். அவரோட பட்டத்தரசி கல்யாணத்தன்னைக்கு ஒரே ஒரு தடவை அது வழியா உள்ள வரலாம், அரண்மனைப் பரீட்சைல மொதல் மூணு ரேங்க் வாங்குனவங்க ஒரே ஒரு தடவை அது வழியா வெளிய போகலாம், அவ்வளவுதான். பரீட்சைல ரேங்க் எடுத்தா ராஜா வழில நடக்கலாம்னு கேட்டதும் அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை விடுங்க. கதவுகள்ல இருக்கிற குமிழ்களைக் கவனிங்க, வரிசைக்கு ஒன்பதா ஒன்பது வரிசை, 81. கிழக்கு வாசல்ல மட்டும் 72. வெளிய வர்றப்போ எண்ணிப் பாருங்க, பசங்க கூட இருந்தா நல்ல வேலை குடுத்த மாதிரி.

அடுத்தடுத்து வாசல், முற்றம், திரும்ப வாசல், திரும்ப முற்றம், நம்ம ஸ்ரீரங்கத்துல பிராகாரம் தாண்டித் தாண்டிப் போற மாதிரி ஒரு உணர்வு வரும், உள்ள போகப் போக யாரு வரலாம்ங்கிறது சுருங்கிட்டே போறதும் அதே மாதிரிதான். அப்படியே போனா பெரிய முற்றத்துக்கு நடுவுல மூணடுக்கு வெள்ளைக்கல் மேடை மேல வரிசையா மூணு பெரிய மண்டபம் நிக்கும், மொதல்ல வர்றது தாய்ஹதியான். பட்டாபிஷேகம், பெரிய விழா எல்லாம் இங்கதான். உள்ள விட மாட்டாங்க, வாசல்ல நின்னு சிம்மாசனத்தை எட்டித்தான் பாக்கணும். அங்க முப்பது நாப்பது பேர் போனைத் தூக்கிப் பிடிச்சு நிப்பாங்க, அதுல அறுபது வயசுக்கு மேல உள்ள சீனத்துப் பாட்டிங்கதான் டேஞ்சர், முழங்கைய உங்க விலாவுல ஒரு ஊனு ஊனி முன்னாடி போயிடுவாங்க. முறைக்காதீங்க, அவங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போங்க, ரெண்டே நிமிஷத்துல நீங்களும் முன்வரிசைல இருப்பீங்க. திருப்பதில நின்னவங்களுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல.

உள்ள இருட்டா இருக்கும், சிம்மாசனம் சரியா தெரியாது, அதனால அங்க நேரத்தை வீணாக்காம வெளிய கவனிங்க. கூரையோட மூலை விளிம்புல சின்னச் சின்ன மிருக பொம்மைங்க வரிசையா உக்காந்திருக்கும், நம்ம கோயில் யாளி மாதிரி காவலுக்கு. எத்தனை பொம்மைங்கிறது கட்டடத்தோட அந்தஸ்தைச் சொல்லும், தாய்ஹதியான்ல மட்டும்தான் பத்து, கடைசியா இருக்கிற பத்தாவது இறக்கை வச்ச குரங்கு மாதிரி ஒன்னு. மேடையோட விளிம்புல 1,142 டிராகன் தலைங்க வாயப் பொளந்துட்டு இருக்கும், நம்ம கோமுகி மாதிரியேதான், மழை பெஞ்சா அத்தனை வாயிலயும் தண்ணி கொட்டும். மழை நாள்ல மாட்டிக்கிட்டீங்கன்னா வருத்தப்படாதீங்க, குடையோட அங்க போயி நில்லுங்க.

அப்புறம் அங்கங்க பெரிய வெண்கலத் தொட்டி நிக்கும். அம்மா பாத்த உடனே "என்னடா இது கல்யாண வீட்டு அண்டாவ வெளிய வச்சிருக்காங்க"ன்னாங்க. அண்டாதான், ஆனா சமையலுக்கில்ல, தீயணைக்கத் தண்ணி ரொப்பி வைக்க. மொத்த அரண்மனையும் மரம், இடி விழுந்தா போச்சு. கட்டி முடிச்ச அடுத்த வருஷமே, 1421-ல, மின்னல் தாக்கி மூணு பெரிய மண்டபமும் எரிஞ்சிடுச்சு, இப்ப நிக்கிற தாய்ஹதியானே 1695-ல திரும்பக் கட்டுனது. அதனால சிங் காலத்துல 308 தொட்டி வச்சிருந்தாங்க, குளிர்காலத்துல தண்ணி உறையாம இருக்க அடில கரி போட்டு எரிப்பாங்க. தங்கமுலாம் பூசுன தொட்டில கிட்டப் போயி பாருங்க, மேல பூரா கோடு கோடா சொரண்டுன தழும்பு, 1900-ல உள்ள நுழைஞ்ச வெளிநாட்டுப் படைக்காரங்க துப்பாக்கி முனைக் கத்தியால சொரண்டுனதுன்னு அங்க சொல்வாங்க. தொட்டுப் பாக்கத் தோணும், எனக்கும் தோணுச்சு, தொடக்கூடாது.

மூணாவது மண்டபத்துக்குப் பின்னாடி படிக்கட்டு நடுவுல ஒரு கல்லு படுத்திருக்கும், மேல மேகமும் ஒன்பது டிராகனும் செதுக்கினது. ஒரே கல்லு. 16.57 மீட்டர் நீளம், 3.07 மீட்டர் அகலம், எடை 200 டன்னுக்கு மேல. எழுபது கிலோமீட்டர் தள்ளி ஃபாங்ஷான்ல வெட்டுனது, குளிர்காலம் வர்ற வரைக்கும் காத்திருந்து, வழி நெடுக கிணறு தோண்டி, ரோட்டுல தண்ணி ஊத்தி ஐஸாக்கி, அது மேல வழுக்கி இழுத்துட்டு வந்திருக்காங்க. முன்பக்கம் வந்த கூட்டம் பாதி இதைப் பாக்காமலே இறங்கிடும், ஏன்னா இறங்குறப்போ இது முதுகுக்குப் பின்னாடி போயிடும். இறங்கிட்டு ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

இதுக்கப்புறம் உள் அரண்மனை. சியான்ச்சிங்கோங் மண்டபத்துல சிம்மாசனத்துக்கு மேல ஒரு பலகை தொங்கும், அடுத்த ராஜா யாருன்னு பேரை எழுதி பெட்டில போட்டு அதுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிற வழக்கத்தை யோங்செங் பேரரசர் கொண்டு வந்தார், இன்னொரு பிரதி ராஜா கிட்டயே இருக்கும், அவர் செத்தப்புறம் ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. உயில் பத்திரம் மாதிரிதான். இது வரைக்கும் பாத்தாச்சா, போதும், இங்கதான் நீங்க கூட்டத்தை விட்டுப் பிரியணும். எல்லாரும் நேரா தோட்டத்துக்குப் போவாங்க, நீங்க பக்கவாட்டுல திரும்புங்க.

மேற்குப் பக்கம் ஆறு, கிழக்குப் பக்கம் ஆறுன்னு ராணிங்களும் மத்த மனைவிங்களும் இருந்த வீடுங்க. ரெண்டு பக்கமும் உசரமான சிவப்புச் சுவர், நடுவுல குறுகலான சந்து, சத்தம் அப்படியே அடங்கிடும். அங்க பூனைங்க இருக்கும், நெஜமாவே, அரண்மனை ஊழியர்களே சாப்பாடு வச்சு வளக்குறாங்க, ஒன்னு நிலைப்படில படுத்துக்கிட்டு யாருக்கும் வழிவிடாம இருந்துச்சு. நிலைப்படின்னதும் ஞாபகம் வருது, எல்லாமே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் உசரம், வயசானவங்க தடுக்குவாங்க, கையப் புடிச்சுக்கோங்க. கடைசிப் பேரரசர் பூயி 1912-ல பட்டம் போனப்புறமும் 1924 வரைக்கும் உள்ளயே இருந்தார், அவருக்கு சைக்கிள் ஓட்ட ஆசை வந்து தடுக்குற நிலைப்படிகளை அறுத்து எடுக்கச் சொல்லிட்டார். அவர் வெளிய போன அடுத்த வருஷம், 1925 அக்டோபர் 10, இது மியூசியமா திறந்தாச்சு.

கிழக்குப் பக்கத்துல யான்சிகோங்னு ஒன்னு இருக்கு, அதைத் தேடிப் போங்க. இதுவும் தீப்பிடிச்சு எரிஞ்ச இடம், எத்தனை தடவைதான் எரியும்னு 1909-ல ஒரு யோசனை வந்திருக்கு, மரமே வேணாம், இரும்பும் கண்ணாடியும் வச்சு சுத்திலும் தண்ணி விட்டு ஒரு கண்ணாடி மாளிகை கட்டுவோம்னு. காசு இல்ல, புரட்சியும் வந்துடுச்சு, வேலை நின்னது நின்னதுதான். இன்னைக்கும் அந்த இரும்பு எலும்புக்கூடு துருப்பிடிச்சு அப்படியே நிக்குது, மஞ்சள் ஓட்டுக் கூரைங்களுக்கு நடுவுல ஏதோ பழைய ரயில்வே ஸ்டேஷன் மாதிரி. எனக்கு அந்த அரண்மனைல ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

அடுத்து வடகிழக்குல பொக்கிஷக் கேலரி. டிக்கெட் புக் பண்றப்பவே சேத்து வாங்கிடுங்கன்னு சொன்னேன்ல. ஆனா ஒரு விஷயம், தங்கமும் வைரமும் மலை மாதிரி குவிஞ்சிருக்கும்னு போகாதீங்க, அருமையான பொருட்கள்ல ஏகப்பட்டது 1948-49 சமயத்துல தைவானுக்குக் கப்பல்ல போயி இப்ப தைபே மியூசியத்துல இருக்கு. இங்க நீங்க பாக்கப் போறது முக்கியமா இடத்தைத்தான். வாசல்லயே 29.4 மீட்டர் நீளத்துக்கு ஒன்பது டிராகன் சுவர், 270 ஓடுகளைச் சேத்துப் பண்ணது. இடதுல இருந்து மூணாவதா இருக்கிற வெள்ளை டிராகனோட வயித்துக்கிட்ட கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், ஓடு உடைஞ்சு போயி பயந்து போன வேலைக்காரர் ராத்திரியோட ராத்திரியா மரத்துல செதுக்கி ஒட்டிட்டாருன்னு கதை. இந்தப் பகுதி முழுக்க சியான்லோங் பேரரசர் ரிட்டயர் ஆனப்புறம் நிம்மதியா இருக்கலாம்னு கட்டுனது, பட்டத்தை 1796-ல விட்டும் கொடுத்தார், ஆனா குடி மட்டும் வரவே இல்ல. பதவிய விட்டாலும் நாற்காலிய விட மனசு வரல போல.

அப்படியே வடக்கு மூலைக்குப் போனா ஒரு சின்னக் கிணறு. 1900-ல வெளிநாட்டுப் படை பெய்ஜிங்ல நுழைஞ்சப்போ ராஜமாதா சிஷி தப்பிச்சு ஓடுறதுக்கு முன்னாடி, பேரரசரோட பிரியமான மனைவி ஜென்ங்கிறவங்களை இந்தக் கிணத்துல தள்ளச் சொன்னாங்கன்னு சொல்றாங்க. கிணத்து வாய் ஒரு குடம் இறங்குற அளவுதான் இருக்கும், இதுல எப்படின்னு பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் அவங்கவங்க பாஷைல அதையேதான் பேசிட்டு இருந்தாங்க, அம்மா மட்டும் ஒன்னும் சொல்லாம நெத்தில கை வச்சுட்டு நகந்துட்டாங்க.

சாப்பாடு பத்தி சுருக்கமா, உள்ள கடை உண்டு, பழைய ஐஸ் கிடங்கையே ரெஸ்டாரன்ட்டா மாத்தி வச்சிருக்காங்க, ஆனா சைவம்னா திண்டாட்டம்தான். நாங்க ஹோட்டல்லயே பிரெட், வாழைப்பழம், ஊர்ல இருந்து கொண்டு போன முறுக்கு எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டோம், உக்காந்து சாப்பிட பெஞ்சு கிடைக்கும். டிஷ்யூ பேப்பர் கட்டாயம். போன்ல அலிபேயோ வீசாட் பேயோ போட்டு கார்டை இணைச்சு ஊர்லயே ரெடி பண்ணிக்கோங்க, தண்ணி பாட்டில் வாங்கக்கூட அதுதான். கூகுள் மேப் அங்க நம்புற மாதிரி இருக்காது, ரோமிங் இருந்தாலும் ஒரு சீன மேப் ஆப் வச்சுக்கிறது நல்லது. நேரம் குறைஞ்சது நாலு மணி நேரம் ஒதுக்குங்க, அன்னைக்கு என் போன்ல 19,000 ஸ்டெப்ஸ் காட்டுச்சு, ஸ்போர்ட்ஸ் ஷூ போடாம போனா நொந்துடுவீங்க.

வெளிய வர்றது வடக்கு வாசல் ஷென்வூமென் வழியா. எதிர்ல ரோட்டைத் தாண்டினா ஜிங்ஷான் பார்க், டிக்கெட் 2 யுவான்தான். அகழி தோண்டுன மண்ணைக் கொட்டி எழுப்புன குன்று அது, ஐம்பது மீட்டர்கூட இருக்காது, படி இருக்கு, அப்பாவே நடுவுல ரெண்டு தடவை உக்காந்து ஏறிட்டார். மிங் வம்சத்துக் கடைசிப் பேரரசர் சோங்செங் 1644-ல எதிரிங்க நகரத்துக்குள்ள வந்தப்போ இந்தக் குன்றுல ஒரு மரத்துல தூக்கு மாட்டிக்கிட்டார், அந்த இடத்துல இப்ப இருக்கிறது பின்னாடி நட்ட மரம். உச்சி மண்டபத்துல இருந்து தெற்கால பாத்தா காலைல இருந்து நீங்க நடந்த மொத்த இடமும் ஓடு ஓடா மஞ்சளா விரியும், அந்த நேர்கோடும் தெரியும், நீங்க ஒதுங்கிப் போன சந்துங்களும் தெரியும். அம்மா அங்க நின்னு அந்தத் துருப்பிடிச்ச இரும்பு எங்கன்னு ரொம்ப நேரம் தேடினாங்க, கண்டுபிடிக்க முடியல.

இருட்டுறதுக்கு முன்னாடி கீழ இறங்கி அகழியை ஒட்டி வடமேற்கு மூலைக் கோபுரத்துக்கிட்ட வாங்க, சாயங்கால வெளிச்சத்துல அது தண்ணில விழுற போட்டோவுக்காக டிரைபாடோட ஒரு பட்டாளமே நிக்கும், ராணி வேஷம் போட்ட பொண்ணுங்க வேற. டாக்ஸி மட்டும் அங்க நின்னு தேடாதீங்க, நாங்க முக்கால் மணி நேரம் கை காட்டிப் பாத்தும் ஒருத்தரும் நிறுத்தல. பேசாம வடக்கால நடந்து ஷிச்சாஹாய் ஏரிப் பக்கம் போயிடுங்க, அங்க சாப்பிடவும் இடம் இருக்கு, மெட்ரோவும் இருக்கு.